இரண்டு கார்டுக்கும் பதினேழு

புதுக் கணினி வாங்கி இரண்டு வாரம் ஆகியும் ரடோய்கா என்னை வீட்டுக்குக் கூப்பிடவில்லை. பொறுத்துப் பார்த்தேன். பிறகு ஒரு சனிக்கிழமை மத்தியானம் என் கணினியைத் திறந்து, கிராஃபிக்ஸ் கார்டைக் கழற்றி, குளியல் துண்டில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு நானே கிளம்பிவிட்டேன். எங்கள் ஊர் கிராலியெவோவில் புதுப் பொருள் வாங்கியவர் மற்றவர்களைக் கவனித்தாக வேண்டும். கார் வாங்கினாலும் சரி, குளிர்காலச் செருப்பு வாங்கினாலும் சரி, ஒரு கோப்பை ரக்கியாச் சாராயமாவது ஊற்ற வேண்டும். அதிலும் நான் அவர்களுக்குக் கூம். அவள் கணவன் மிலிசாவின் கல்யாணத்தில், தேவாலயத்தில் அவன் பக்கத்தில் மெழுகுவர்த்தி பிடித்துச் சாட்சி நின்றவன். அப்படி நின்றவனுக்குத்தான் கூம் என்று பெயர். கூடப்பிறந்தவனைக்கூட வாசலில் நிற்க வைக்கலாம், கூமை நிற்க வைக்க முடியாது. ரடோய்கா என்னை இரண்டு வாரம் நிற்க வைத்துவிட்டாள்.

எங்கள் சண்டை கார்டைப் பற்றியது. கணினியில் விளையாடுகிறவர்களுக்குத் தெரியும், மற்றப் பாகங்கள் எல்லாம் கல்யாணத்துக்கு வந்த உறவினர்கள், கிராஃபிக்ஸ் கார்டுதான் மாப்பிள்ளை. திரையில் மரம் அசைவதும் மழை பெய்வதும் சாலை ஓடுவதும் அதன் கைங்கரியம். அதைச் செய்கிற பெரிய கம்பெனிகள் இரண்டு. ஒன்று பச்சை, ஒன்று சிவப்பு. நான் சிவப்பு. ஏன் என்று கேட்டால் ஒரு மணி நேரம் பேசுவேன், கேட்காவிட்டாலும் பேசுவேன். ரொட்டித் தொழிற்சாலையில் எலக்ட்ரீஷியன் வேலை எனக்கு. பகலெல்லாம் அடுப்புகளுக்கு நடுவே வெந்துவிட்டு வந்து, சாப்பிடும்போது கார்டுகளை ஒப்பிடும் வீடியோக்களைப் பார்ப்பேன். திரையின் ஒரு பாதியில் ஒரு கார்டு, மறுபாதியில் இன்னொன்று. இரண்டிலும் ஒரே குதிரை ஒரே பாலத்தின்மேல் ஓடும். மூலையில், நொடிக்கு எத்தனை படம் என்று எண் மின்னும். "இன்னைக்கு எந்தக் குதிரை ஜெயிச்சுது?" என்று என் மனைவி கேட்பாள். நான் கோபப்படுவதில்லை. எந்தக் குதிரை ஜெயித்தது என்று சொல்வேன்.

மிலிசாவுக்கு இதில் எல்லாம் ஈடுபாடு கிடையாது. அவன் நிஜ லாரி ஓட்டியவன். எங்கள் ஊர் ராஸ்ப்பெர்ரியை உறைய வைத்து வியன்னாவுக்கும் ட்ரியஸ்டேவுக்கும் கொண்டுபோவான், திரும்பும்போது டைல்ஸோ குளிர்பதனப் பெட்டியோ ஏற்றி வருவான். பிப்ரவரியில் ஒருநாள் லியூப்லியானாவிலிருந்து வந்து, நடையில் ஷூவைக் கழற்றக் குனிந்தவன் அப்படியே சரிந்துவிட்டான். மூளைக்குப் போகும் இரத்தக்குழாயில் அடைப்பு. ரடோய்கா ஆஸ்பத்திரி லேபில் வேலை செய்கிறவள், பதறாமல் ஆளைக் கொண்டுபோய்ச் சேர்த்தாள். கை வந்தது, கால் வந்தது, பேச்சு வந்தது. பார்வை விஷயத்தில் மட்டும் டாக்டர் இழுத்தார். இடப்பக்கம் கொஞ்சம் விட்டுப்போயிருக்கலாம், தானாகவே திரும்பலாம், திரும்பாமலும் போகலாம், அக்டோபரில் மருத்துவக் குழு பார்த்துவிட்டு லைசென்ஸைப் பற்றிச் சொல்லட்டும் என்றார். அதுவரை ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது. அவன் முதலாளி ஸ்லவோல்யூப் நல்ல மனிதர். மிலிசாவின் லாரியை வேறு ஆளிடம் கொடுக்காமல் நிறுத்தி வைத்திருந்தார்.

கோடை முழுவதும் மிலிசாவ் பால்கனியில் உட்கார்ந்து சாலையையே பார்த்தான். அதைப் பார்க்கச் சகிக்காமல்தான் ரடோய்கா ஒரு முடிவுக்கு வந்தாள். கணினியில் லாரி ஓட்டும் விளையாட்டு ஒன்று இருக்கிறது. ஐரோப்பா முழுக்கச் சாலைகள், எல்லைச் சாவடிகள், பெட்ரோல் பங்குகள், எல்லாம் அதில் உண்டு. மேஜையில் மாட்டிக்கொள்ள ஸ்டியரிங்கும் காலுக்குப் பெடல்களும் கிடைக்கும். அக்டோபர் வரைக்கும் கை பழக்கம் விட்டுப் போகாமல் இருக்கட்டும், மனசும் விட்டுப் போகாமல் இருக்கட்டும் என்று நினைத்தாள். "கூமே, எந்தக் கார்டு வாங்கணும்?" என்று என்னைத்தான் கேட்டாள். கேட்டுவிட்டு, நான் சொன்னதை வாங்கவில்லை. அதுதான் என் வயிற்றெரிச்சல்.

ரடோய்கா ஒன்றை வாங்கும் விதம் சந்தைக்கே தெரியும். குளிர்காலத்துக்கு அய்வார் துவையல் அரைக்க மிளகாய் வாங்கப் போனால், ஒவ்வொரு கடையிலும் ஒவ்வொரு சாக்கிலும் கைவிட்டு, தடித்த சதை எது, மெல்லிய தோல் எது என்று அமுக்கிப் பார்த்து, கடைக்காரர்களை அழ வைத்துவிட்டுத்தான் வாங்குவாள். வாங்கியபின் திரும்பிப் பார்க்க மாட்டாள். அவள் வாங்கியது நல்லதுதான், பேச்சு முடிந்தது. கார்டையும் அப்படித்தான் அமுக்கிப் பார்த்தாள். நான் ஒருவரிடமிருந்து பழைய சிவப்பு ஒன்றை வாங்கித் தருவதாகச் சொன்னேன். பெரிய கார்டு, நினைவகம் இரண்டு மடங்கு, விலை பாதி. அவள் கடையில் இருந்த சின்னப் பச்சையைக் காட்டினாள். புதுசு, மூன்று வருஷ உத்தரவாதம், மின்சாரமும் குறைச்சல்.

"எவனோ கிரிப்டோ காசு தோண்டுறேன்னு ராப்பகலா ஓட்டித் தேய்ச்ச கார்டு அது. அதைக் கொண்டுவந்து என் புருஷன் முன்னாடி வைக்கச் சொல்றியா?" என்றாள்.

"இரத்தம் பாக்குறவ நீ, இரத்தத்தைப் பாரு. கார்டை என்கிட்ட விடு" என்றேன் நான்.

வாய்க்கொழுப்புதான், ஒப்புக்கொள்கிறேன். அவள் நேரே கடைக்குப் போய்ப் பச்சையை வாங்கினாள். எல்லாப் பாகங்களையும் வாங்கி, சமையலறை மேஜையில் பரப்பி, வீடியோ பார்த்து, தன் கையாலேயே பூட்டினாள். ஒரு திருகுகூட மிச்சமில்லையாம். இதெல்லாம் என் காதுக்கு அக்கம்பக்கத்தார் பேச்சு வழியாகத்தான் வந்தது.

கதவைத் திறந்தவள் என் முகத்தைப் பார்க்காமல் பையைப் பார்த்தாள்.

"வா கூமே. பையில என்ன, கேக்கா?"

"இல்ல. நியாயம்."

"அதை வெளியவே வச்சிட்டு வா. உள்ள இடமில்ல" என்றாள். ஆனால் ரக்கியாக் குப்பியை எடுக்கப் போய்விட்டாள். எனக்கு அது போதும்.

முன்னறையில் மிலிசாவ் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பெரிய திரை. ஒரு நெடுஞ்சாலை, ஓரத்தில் சோள வயல். வேகம் நாற்பது. நாற்பது! இவன் மலைப்பாதையில்கூட நாற்பதில் போக மாட்டான். பின்னால் வந்த கார்கள் எல்லாம் ஹாரன் அடித்தன. தோள்கள் இரண்டும் காதுக்கு ஏறியிருந்தன. பரீட்சை எழுதும் மாணவனைப்போல் நுனி நாற்காலியில் இருந்தான். சுங்கச்சாவடி வந்தது. லாரியைச் சந்துக்குள் விட முயன்று, வலப்பக்கக் கம்பத்தில் உரசி நின்றான். ரடோய்கா கோப்பையோடு வாசலில் நின்று பார்த்தாள். அவள் பார்த்தது திரையை அல்ல, அவனுடைய கைகளை.

"நல்லா ஓட்டுறான். தினமும் கொஞ்சம் தேறுது" என்றாள் என்னிடம், அவனுக்குக் கேட்கும்படி.

சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போனாள். அவள் தலை மறைந்ததும் மிலிசாவ் கையை எடுத்துவிட்டு என் பக்கம் குனிந்தான்.

"டேய் திகோ, உன்கிட்ட மட்டும் சொல்றேன். எனக்கு ரோடு துண்டு துண்டா வருது."

"எப்படி?"

"ரோடு வருது, நிக்குது. மறுபடி வருது. நடுவுல கொஞ்சம் காணாமப் போகுது. ஸ்டியரிங்கைத் திருப்புனா, திருப்புனது எனக்கு அப்புறமாத்தான் வந்து சேருது. மண்டைக்குள்ள இன்னும் சரியாகலடா. மெதுவாப் போனா கொஞ்சம் பரவாயில்ல." பிறகு இன்னும் குரலைத் தாழ்த்தினான். "அவகிட்ட சொல்லிடாதே. ஒரு மாசம் மெனக்கெட்டு வாங்கியிருக்கா. திங்கட்கிழமை ஸ்லவோல்யூபைப் பாத்து, லாரியை வேற ஆளுக்குக் குடுத்துடுங்கன்னு சொல்லப்போறேன். அக்டோபர் வரைக்கும் அந்த மனுஷனை எதுக்குக் காக்க வைக்கணும்?"

 வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு ஒரு சந்தோஷம் பொங்கி வந்தது. ஏனென்றால் சாலை எனக்கும் துண்டு துண்டாகத்தான் வந்தது! வந்ததிலிருந்து நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சோள வயல் திணறித் திணறி நகர்ந்தது. கார்கள் தவளைபோல் தத்தின. இதைப் பார்த்து இரண்டு வாரமாக ஒரு ஆள் தன் மூளையைச் சந்தேகப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான், இன்னொருத்தி அவன் கையைச் சந்தேகப்பட்டுக்கொண்டு நிற்கிறாள். ரடோய்கா வாங்கியது சரியில்லாமல் இருக்கும் என்பது மட்டும் இரண்டு பேர் மனதிலும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"மிலிசாவ், உன் மண்டை நல்லாத்தான் இருக்கு. எனக்கும் திணறுது. கார்டு ஒத்துக்கல."

"நீ எனக்காகச் சொல்ற."

"என் தாய் மேல ஆணை."

"உன் தாய் மேல நீ எத்தனை ஆணை வச்சிருக்கேன்னு எனக்குத் தெரியாதா?"

இதற்கு நிரூபணம் வேண்டும். நிரூபணம் என் பையில் இருந்தது. விளையாட்டின் அமைப்புகளில் புகுந்து, திரையின் மூலையில் எண் தெரியும்படி செய்தேன். பதினேழு. நொடிக்குப் பதினேழு படம். அறுபதுக்குக் கீழே போனால் நான் முகம் சுளிப்பேன், முப்பதுக்குக் கீழே போனால் எழுந்து போய்விடுவேன். "ரடோய்கா!" என்று கூப்பிட்டேன். "இங்க வா, உன் பச்சையோட வண்டவாளத்தைப் பாரு!"

அவள் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். எண்ணைப் பார்த்தாள். அது அவளை ஒன்றும் செய்யவில்லை.

"இந்தக் கார்டுக்கு இந்த விளையாட்டுல நூத்துக்குப் பக்கமா வரணும். நாலு எடத்துல பாத்துட்டுத்தான் வாங்குனேன்."

"வரல பாரு. நான் கொண்டுவந்ததைப் போடு, தெரியும்."

"போடு. வரலேன்னா என்ன செய்வே?"

"பச்சைச் சட்டை போட்டுக்கிட்டு சந்தையில நடக்குறேன்."

"சரி. ஆனா என் பெட்டியை நீ தொடக் கூடாது. நான் கழட்டித் தரேன், நான்தான் மாட்டுவேன்."

மேஜைக்கடியில் தவழ்ந்து போய், பின்னால் செருகியிருந்த கம்பிகளை எல்லாம் அவளே உருவினாள். பெட்டியைத் தூக்கிச் சமையலறை மேஜையில் வைத்தாள். பச்சையைக் கழற்றி, என் சிவப்பை உட்கார வைத்தாள். அகலமான அருமையான கார்டு, பெட்டிக்குள் அரைவாசி இடத்தை அடைத்துக்கொண்டது. அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய், மறுபடி மேஜைக்கடியில் தவழ்ந்து, கம்பிகளை ஒவ்வொன்றாகச் செருகினாள். கார்டுக்கான மென்பொருளை நான் ஏற்றினேன். அதுவரைக்கும் மிலிசாவ் ஸ்டியரிங்கின்மேல் கையை வைத்தபடியே காத்திருந்தான். அவன் முகத்தில், நான் சொன்னதை நம்பலாமோ என்கிற மாதிரி ஒரு சின்ன ஆசை வந்திருந்தது. நான்தான் அதை வரவழைத்தேன்.

"ஓட்டு" என்றேன்.

சாலை வந்தது, நின்றது. மறுபடி வந்தது. சோள வயல் திணறியது. மூலையில் பதினேழு.

 என் கார்டு என் வீட்டில் இதே விளையாட்டை வெண்ணெய்போல் ஓட்டும். எனக்கு ஒன்றும் புரியவில்லை. மிலிசாவ் லாரியை ஓரமாக நிறுத்தினான், இண்டிகேட்டர் போட்டு, ஒழுங்காக, பழக்கம் விடாமல். கைகளை மடியில் வைத்துக்கொண்டான்.

"விடு திகோ. நல்ல மனசோட செஞ்சே" என்றான்.

அந்தக் குரல் என்னை அடித்துப் போட்டது.  ஒரு மனிதனுக்கு நம்பிக்கை கொடுத்து, கால் மணி நேரத்தில் அதைப் பிடுங்கியவன் நான். பேசாமல் ரக்கியாவைக் குடித்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம்.

ரடோய்கா மட்டும் திரையின் மூலையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"அதுக்கும் பதினேழு, இதுக்கும் பதினேழா?"

"ஆமா, ரெண்டும் ஒண்ணுதான், ஒத்துக்கறேன், போதுமா?" என்று எரிந்து விழுந்தேன்.

"ஒண்ணா இருக்க முடியாது, கூமே. லேப்ல ரெண்டு பேரோட இரத்தம் புள்ளி பிசகாம ஒரே கணக்குக் காட்டுச்சுன்னா, நாங்க அந்த ரெண்டு பேரைப் பத்திப் பேச மாட்டோம். மெஷினுக்குள்ள அவங்க இரத்தமே போகலேன்னு அர்த்தம்."

சொல்லிவிட்டு மேஜைக்கடியில் நுழைந்தாள். இரண்டு கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன, வீட்டுக் கம்பளிச் செருப்போடு. 

"திகோமிர்" என்றாள் உள்ளேயிருந்து. முழுப்பெயர் சொல்லி அவள் என்னைக் கூப்பிட்டதே இல்லை. "திரைக்குப் போற கம்பியை எதுல செருகணும்?"

நானும் குனிந்தேன். பெட்டியின் முதுகில் ஒரே மாதிரி ஓட்டைகள் இரண்டு இடத்தில் உண்டு. மேலே, மதர்போர்டின் வரிசையில் ஒன்று. கீழே, கார்டின் முதுகில் மூன்று நான்கு. திரையின் கம்பி மேலே இருந்தது. கார்டுக்கும் திரைக்கும் சம்பந்தமே இல்லை. இரண்டு வாரமாக அந்தப் புதுக் கார்டு மின்சாரத்தைக் குடித்துக்கொண்டு சும்மா சுழன்றிருக்கிறது. பிராசஸருக்குள் கைச்செலவுக்கென்று ஒரு சின்ன கிராஃபிக்ஸ் இருக்கும், மின்னஞ்சல் பார்க்கப் போதும். அது தனியாளாக ஐரோப்பா முழுவதையும் மூச்சு வாங்க இழுத்துக்கொண்டு வந்திருக்கிறது.

"இங்க ஏன் செருகினே?"

"கடையிலேர்ந்து வந்தப்ப கார்டோட ஓட்டைக்கெல்லாம் ரப்பர் மூடி போட்டிருந்துச்சு. மூடி போட்டதைத் திறக்கக் கூடாதுன்னு நினைச்சேன். எங்க லேப்ல சீல் வச்சதை நாங்க தொட மாட்டோம். மேல திறந்திருந்துச்சு, செருகினேன். உன் கார்டுலயும் அதே பழக்கத்துல மேலயே செருகிட்டேன்."

அவளைப் பார்த்துச் சிரிக்க எனக்கு யோக்கியதை இல்லை. ஆயிரம் வீடியோ பார்த்தவன் நான். குதிரை ஓடுவதைப் பார்த்தேன், பாலத்தைப் பார்த்தேன், எண்களைப் பார்த்தேன். வந்தவுடன் பெட்டியின் முதுகை ஒருமுறை எட்டிப் பார்த்திருந்தால் தீர்ந்தது. எனக்குக் கார்டைக் குறை சொல்லும் அவசரம். மேஜைக்கடியில் இரண்டு பேரும் முகத்துக்கு முகம் தவழ்ந்த நிலையில் இருந்தோம். அவள் கண்ணில் தண்ணீர். ஆனால் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அங்க என்னடா பண்றீங்க ரெண்டு பேரும்?" என்றான் மிலிசாவ் மேலேயிருந்து.

"உன் மண்டையைச் சரி பண்றோம். கொஞ்சம் இரு" என்றாள்.

கம்பியை உருவி, கீழே செருகினாள். டக்கென்று உட்கார்ந்தது.

திரை ஒருமுறை இருண்டு வெளிச்சமானது. நாங்கள் எழுந்து முட்டியைத் தட்டிக்கொள்வதற்குள் அவன் கியரைப் போட்டுவிட்டான். சாலை வந்தது. வந்துகொண்டே இருந்தது. சோளத்தட்டை ஒவ்வொன்றும் காற்றில் தனித்தனியாகச் சாய்ந்தது. மூலையில் எவ்வளவு என்று நான் பார்க்கவில்லை, இதை என் மனைவியிடம் சொன்னால் நம்ப மாட்டாள். நான் மிலிசாவைப் பார்த்தேன். முதலில் அவன் வாய் திறந்தது. பிறகு தோள்கள் காதிலிருந்து இறங்கின. நாற்காலியில் பின்னால் சாய்ந்தான். ஐம்பது, எழுபது, எண்பத்தைந்து. ஒரு கை ஸ்டியரிங்கிலிருந்து விலகி, கன்னத்தைச் சொறிந்தது. எதிரே வந்த வளைவில் முன்கூட்டியே வேகத்தைத் தணித்து, நடுவிலிருந்து மெல்ல ஆக்ஸிலேட்டரை மிதித்து வெளியே வந்தான். முதுகில் நாற்பது டன் இருக்கிற நினைப்பு அவனுக்கு அப்படியே இருந்தது. சுங்கச்சாவடிச் சந்துக்குள் ஊசியில் நூல் கோப்பதுபோல் நுழைந்தான்.

"நீ இருக்கேடா!" என்று கத்தினேன். "முழுசா இருக்கே!"

"ரடோய்கா, இது தெரியுதா உனக்கு? ஓடுது பார், ஓடுது!" என்றான் மிலிசாவ்.

"தெரியுது. நான் வாங்குனதாச்சே" என்றாள் அவள்.

"உள்ள இருக்கறது என் கார்டு" என்றேன்.

"கம்பி என்னது."

அத்தனை சந்தோஷமாக அந்த வீட்டை நான் பார்த்து எவ்வளவோ நாளாகியிருந்தது. அவன் பழைய மாதிரி மற்ற ஓட்டுநர்களைத் திட்ட ஆரம்பித்தான். முன்னால் ஒரு டேங்கர் அசைந்து அசைந்து போனது. "தூங்குறியா, எழுந்திரு" என்று அதைத் திட்டிக்கொண்டே, இண்டிகேட்டர் போட்டு, வலப்பக்கம் ஓட்டும் எங்கள் வழக்கப்படி, முந்துவதற்காக இடப்பக்கத் தடத்துக்கு ஒடித்தான். அங்கே ஒரு நீலக் கார் அவனுக்கு இணையாக வந்துகொண்டிருந்தது. அதன்மேல் ஏறிவிட்டான். திரை குலுங்கியது.

"எங்கேர்ந்துடா வந்தான் இவன்!" என்று சிரித்தான். நாங்களும் சிரித்தோம். பின்வாங்கி மறுபடி கிளம்பினான்.

அடுத்தமுறை அது ஒரு வேன். நான் அதை முதலிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தேன். இடப்பக்கக் கண்ணாடியில் தெரிந்தது, பெரிதானது, திரையின் இடது ஓரத்தில் வெள்ளையாக வந்து நின்றது. மிலிசாவ் கண்ணாடியையும் பார்த்தான், சட்டப்படி தலையைக் கொஞ்சம் திருப்பியும் பார்த்தான். பார்த்துவிட்டு, அங்கே ஒன்றுமே இல்லாததுபோல், நிதானமாக அதன்மேல் திருப்பினான்.

இந்தமுறை யாரும் சிரிக்கவில்லை. விளையாட்டில் கண்ணாடிகள் சின்னவை, நிஜ வண்டியில் இப்படி இருக்காது என்றெல்லாம் சொல்ல எனக்கு வாய் துடித்தது. சொல்லவில்லை. ஒரே மத்தியானத்தில் இரண்டாவது பொய்ச் சமாதானம் சொல்ல என்னால் முடியாது.

மிலிசாவ் திரையின் இடப்பக்கம் தன் கையை நீட்டி ஆட்டிப் பார்த்தான். விரல்கள் ஓர் இடத்தில் அவன் கண்ணுக்கு மறைந்துபோயிருக்க வேண்டும். கையைக் கொஞ்சம் வலப்பக்கம் கொண்டுவந்தான், மறுபடி இடப்பக்கம் கொண்டுபோனான். அந்த எல்லை எங்கே என்று அளப்பதுபோல் இருந்தது.

"இது கம்பி இல்ல" என்றான்.

"இல்ல" என்றாள் ரடோய்கா.

"ரோடு நல்லாத்தான் வருது. கை நல்லா இருக்கு. கால் நல்லா இருக்கு. இந்தப் பக்கம் மட்டும் இல்ல." அவன் குரலில் சற்று முன்பு இருந்த பயம் இல்லை. ஒரு பழுதைக் கண்டுபிடித்து, அது எந்தச் சக்கரத்தில் என்று மெக்கானிக்கிடம் சொல்கிறவனைப்போல் பேசினான். "திங்கட்கிழமை ஸ்லவோல்யூப்கிட்ட போய்ச் சொல்லிடறேன். பயந்துக்கிட்டுச் சொல்லலாம்னு இருந்தேன். இப்ப என்னன்னு தெரிஞ்சே சொல்லலாம்."

"அது திங்கட்கிழமை. இன்னைக்குச் சனி" என்றாள் அவள். சமையலறையிலிருந்து முக்காலியை எடுத்து வந்தாள். அவனுக்கு இடப்பக்கம், அந்த நாற்காலியை ஒட்டிப் போட்டு, தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்தாள். "ஓட்டு. இந்தப் பக்கத்தை நான் சொல்றேன்."

அவன் அவள் இருந்த பக்கம் தலையை நன்றாகத் திருப்பிப் பார்த்தான். பார்த்துவிட்டுச் சிரித்தே விட்டான்.

"அங்க சீட்டு கிடையாதுடி. ஓட்டுறவன் நான் இடது ஓரத்துல இருக்கேன். எனக்கு அந்தப் பக்கம் கதவு. கதவுக்கு அந்தப் பக்கம் ரோடு. நீ வண்டிக்கு வெளியில தொங்கிக்கிட்டிருக்கே."

"தொங்கறேன். நீ ஓட்டு."

அவன் கியரைப் போட்டான். டேங்கர் இன்னும் முன்னால் அசைந்து அசைந்து போய்க்கொண்டிருந்தது.

"வெள்ளைக் கார் ஒண்ணு வருது. பொறு. பொறு. இன்னும் போகல. அதுக்குப் பின்னாடி ஒரு மோட்டார் சைக்கிள். அதுவும் போகட்டும்."

"போச்சா?"

"போச்சு. இப்பத் திருப்பு."

லாரி இடப்பக்கம் சாய்ந்து திரும்பியது, எண்பத்தைந்தில். ரடோய்கா ஒரு கையால் அவன் தோளையும் மறு கையால் மேஜை விளிம்பையும் இறுகப் பிடித்துக்கொண்டு, காற்று முகத்தில் அறைகிற மாதிரி கண்ணைச் சுருக்கி, சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.